விழுந்து கிடந்த நாட்டாமை

காஞ்சிபுரத்திலிருந்து திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில், வீடுகள் முடிகிற இடத்தில், மயில்வாகனத்தின் தென்னந்தோப்பு இருந்தது. தையல்நாயகி வாரத்துக்கு இரண்டு தடவையாவது அதைக் கடந்து போவாள். ராட்டையில் சுற்றிய பட்டு நூலை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, திருப்பருத்திக்குன்றத்தில் தறி போட்டிருந்த முருகேசனிடம் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் பிழைப்பு. போகும்போதும் வரும்போதும் தோப்பு வேலியோரம் ஒரு நிமிஷம் நிற்பாள். "நீ நாதியத்து விழுந்து கெடக்கணும்" என்று வாய்க்குள்ளேயே சொல்வாள். சொல்லிவிட்டு நடப்பாள். மற்றப் பெண்கள் கோயில் வாசலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வது போல, அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

மயில்வாகனம் அவள் தெருவின் நாட்டாமை. அவள் வீட்டுக்கு எதிர்வீடு. சின்ன வயசில் அவரை "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தி, தாலியை எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

அவள் புருஷன் கந்தன் நல்ல நெசவுக்காரன். முசரவாக்கத்திலிருந்து இந்த முருகேசன், அப்போது பையன், தறிவேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவனிடம் வந்து நின்றபோது, கந்தன் யோசிக்காமல் தறிக்குழியில் உட்கார வைத்துவிட்டான். முருகேசன் வீட்டார் பயிர் வைக்கிறவர்கள். தறி தங்கள் தெருவை விட்டு வெளியே போகக்கூடாது என்பது தெருவின் வழக்கம். மயில்வாகனம் கூப்பிட்டுக் கண்டித்தார். கந்தன் கேட்கவில்லை. "பசிக்குதுன்னு வந்தவனுக்குத் தொழில் சொல்லிக் குடுத்தா தப்பா?" என்று கூட்டத்திலேயே கேட்டுவிட்டான். அன்றைக்கே கந்தன் குடும்பத்தைத் தெருவை விட்டுத் தள்ளி வைத்தார்கள். யாரும் பேசக்கூடாது, நெருப்பு கொடுக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. எல்லாவற்றையும் விட, பாவுக்குக் கை கொடுக்கக்கூடாது. விடியற்காலையில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஒவ்வொரு இழையாகப் பிரித்துவிட ஏழெட்டுப் பேராவது வேண்டும். தனி ஆளால் முடியாது. கை கொடுக்க ஆளில்லாமல் கந்தனின் தறி நின்றுபோனது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. வீடு ஒழுகியது. ஓடு மாற்ற ஆள் வரமாட்டான் என்று கந்தனே கூரைமேல் ஏறினான். ஏறினவன் பாசியில் வழுக்கித் தெருவில் விழுந்தான். வாசல் கல்லில் தலை மோதியது.

மழை விட்டிருந்த நேரம் அது. தெருவில் கண்ணாயிரம் வீட்டுப் பாவு நீட்டியிருந்தார்கள். அத்தனை ஆம்பிளைகளும் பாவைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். தையல்நாயகி ஓடி வந்து கந்தனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாள். கண்ணாயிரம் பாவை விட்டுவிட்டு ஓரடி எடுத்து வைத்தான். எதிர்வீட்டு வாசலில் நின்ற மயில்வாகனம், "தொட்டவன் வீடும் தள்ளித்தான் வைக்கப்படும்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. கண்ணாயிரம் திரும்பிப்போய்ப் பாவைப் பிடித்துக்கொண்டான்.

அவள் தானே புருஷனின் அக்குளில் கை கொடுத்துத் தெருக்கோடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். சின்னப் பெண்ணாக இருந்த மகள் அம்சா பின்னாலேயே அழுதுகொண்டு வந்தாள். கோடியில் நின்றிருந்த ஒரு ஜட்கா வண்டிக்கார பாய் குதித்து இறங்கி, ஒன்றும் கேட்காமல் கந்தனைத் தூக்கி வண்டியில் போட்டார். ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் முடிந்ததும், தப்பு செய்தவன் போய்விட்டான், இனி அந்த வீட்டோடு பேசலாம் என்று மயில்வாகனம் சொல்லி அனுப்பினார். தெருப் பெண்கள் அரிசியும் காய்கறியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தையல்நாயகி கதவைத் திறக்கவில்லை. அன்றையிலிருந்து அவள்தான் தெருவைத் தள்ளி வைத்தாள். ஒன்பது வருஷமாக அந்தத் தெருவில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறு தெருவிலிருந்த அண்ணன் தன்னோடு வந்துவிடு என்று கூப்பிட்டான். அவள் போகவில்லை. அந்த ஆளின் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

அறுபத்தேழாம் வருஷம் பங்குனி உத்திரத்தன்று ஊரே ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் இருந்தது. தையல்நாயகிக்குத் திருவிழா இல்லை. வெயில் ஏறின நேரத்தில் நூல் மூட்டையோடு தோப்பு வேலியோரம் வந்து நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தபோது, உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

மூட்டையை இறக்கிவிட்டு வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு போனாள். பம்புசெட்டின் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, பாசி பிடித்த கல்லின்மேல் மயில்வாகனம் மல்லாந்து கிடந்தார். குளிக்க இறங்கியவர் வழுக்கி விழுந்திருக்க வேண்டும். உடம்பில் ஈரக் கோவணம் ஒன்றுதான் இருந்தது. பட்டுக்கரை வேட்டியும் துண்டும் தென்னை மரத்தடியில் மடிப்புக் கலையாமல் இருந்தன. வலது கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது. தோப்புக்காரன் முனிசாமி, கோயிலுக்கு இளநீர் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் வர வழியில்லை.

அவர் கண்ணைத் திறந்து யாரென்று பார்த்தார். தெரிந்துகொண்டதும் முகம் மாறியது.

தையல்நாயகிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு ஏறியது. உடனே போய்விட மனசில்லை. எதிரே மரநிழலில் உட்கார்ந்து, கால் நீட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

"ரவ தண்ணி குடும்மா" என்றார் அவர். உதடு வெடித்திருந்தது.

தொட்டி அவர் தலைமாட்டிலேயே இருந்தது. கையை நீட்டினாலும் எட்டாத தூரம். அவள் எழுந்து போய், தண்ணீரை இரு கையாலும் அள்ளித் தான் குடித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"நான் தொடலாமா? தொட்டவங்க வீட்டைத் தள்ளி வைப்பீங்களே" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் ஓரமாக வழிந்தது. வலியால் வந்ததா, வேறெதனாலாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் விரும்பவுமில்லை.

"அவரு தலையில ரத்தம் வந்துக்கினே இருந்திச்சி. நீங்க பாத்துக்கினு நின்னீங்க. ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது என்று தலையை அசைத்தார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, தெளிவாகவே பேசினார். "நான் அன்னிக்கு வுட்டுக் குடுத்திருந்தா, மறுநாளு தெருவுல எவனும் என் பேச்சைக் கேக்க மாட்டான். கந்தன் பொழைச்சிக்குவான்னு நெனச்சேன். ஓடுதானே, எவ்ளோ உசரம் இருக்குது."

"தப்புன்னு தோணலையா?"

"நாட்டாமைன்னா அப்படித்தான் இருக்கணும்" என்றார். பிறகு, "நீ போ. உன் கையால எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பேச்சில்தான் அவளுக்கு முழுசாகத் தீ பிடித்தது. கெஞ்சியிருந்தால் என்ன செய்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது. எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "சரி, கெடங்க" என்றாள். வேலியைத் தாண்டி வந்து மூட்டையைத் தலையில் ஏற்றி நடந்தாள்.

நடக்க நடக்க, சாயங்காலம் நடக்கப்போவது அவள் மனசில் ஓடியது. முனிசாமி வந்து பார்ப்பான், தலையில் அடித்துக்கொண்டு ஓடுவான். தெருவே தோப்புக்கு வரும். பூப்பல்லக்குக் கட்டுவார்கள். தாரை தப்பட்டையோடு, வாசலுக்கு வாசல் நிறுத்தி, விழுந்து கும்பிட்டு அனுப்புவார்கள். உத்திரத்தன்று உயிர் போனது, புண்ணியவான் என்பார்கள். வருஷா வருஷம் படம் வைத்து மாலை போடுவார்கள். கந்தன் செத்தபோது அவனைத் தூக்க நாலு பேர் வேறு தெருவிலிருந்து வந்தார்கள். இந்த ஆளுக்குத் தோள் கொடுக்கத் தெருவில் போட்டி நடக்கும்.

தையல்நாயகி ரோட்டு நடுவில் நின்றுவிட்டாள். இத்தனை வருஷமாக அவள் கேட்டதையெல்லாம் கடவுள் கொடுத்துவிட்டார். ஆனால் கேட்டதே தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. சாவது அந்த ஆளுக்குத் தண்டனையே இல்லை.

வேகமாக நடந்து முருகேசன் வீட்டுக்குப் போனாள். முருகேசன் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். தறி இரண்டும் ஒரு மாட்டு வண்டியும் வைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் இறுகியது. அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததற்காகத்தான் கந்தன் செத்தான் என்பதை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை. அந்த ஆளுக்காக வண்டி பூட்ட மாட்டேன் என்றான். நாய் நரி தின்னட்டும் என்றான்.

"செத்தா சாமியாயிடுவான்டா" என்றாள் தையல்நாயகி. "படம் மாட்டி கும்புடுவானுங்க. அவன் சாவக்கூடாது. இருக்கணும். நம்ம ரெண்டு பேரும்தான் தூக்கினோம்னு தெரிஞ்சிக்கினு இருக்கணும்."

முருகேசன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு எழுந்து மாட்டை அவிழ்த்தான்.

அவர்கள் தோப்புக்குத் திரும்பி வந்தபோது மயில்வாகனத்துக்கு நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்தது. தையல்நாயகி தண்ணீரை எடுத்துவந்து, தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அவர் வேண்டாம் என்று உதட்டை இறுக்கினார். இரண்டாவது மடக்குக்குத் தாகம் ஜெயித்துவிட்டது. ஆவலாகக் குடித்தார். குடித்து முடித்து அவர் கண்ணைத் திறந்தபோது, எதிரே முருகேசன் நின்றிருந்தான். தறிக்குழியில் உட்காரக்கூடாது என்று அவர் தீர்ப்பு சொன்ன அதே ஆள், குனிந்து அவர் அக்குளில் கையைக் கொடுத்தான்.

பம்புசெட்டு அறைக் கதவைக் கழற்றி அதன்மேல் அவரைக் கிடத்தினார்கள். காலை அசையாமல் துணியால் கட்டினார்கள். அவர் வலியில் அலறியபோது முருகேசன் கட்டுவதை நிறுத்தினான். தையல்நாயகி முடிச்சை இறுக்கினாள். கதவோடு வண்டியில் ஏற்றி, வைக்கோல் முட்டுக்கொடுத்து, பட்டுக்கரை வேட்டியை எடுத்துக் கழுத்துவரை போர்த்தினாள்.

ஊருக்குள் நுழைந்ததும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி. ஒன்று ஆள் நடமாட்டமில்லாத புறக்கடைச் சந்து. இன்னொன்று அவர்கள் தெரு. தூரம் இரண்டும் ஒன்றுதான். பாதை பிரிகிற இடத்தில் முருகேசன் திரும்பிப் பார்த்தான்.

"சந்து வழியா போம்மா" என்று வண்டிக்குள்ளிருந்து அவர் கேட்டார். அது கெஞ்சல்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவர் அவளைக் கெஞ்சினார்.

"தெரு வழியா ஓட்டு" என்றாள். தான் இறங்கி வண்டிக்கு முன்னால் நடந்தாள்.

சாயங்கால சாமி புறப்பாட்டுக்குத் தெருவில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். கோயிலிலிருந்து திரும்பி எல்லாரும் வாசலில் இருந்தார்கள். தலைமுடி கலைந்து, ரவிக்கை வியர்வையில் நனைந்து, தையல்நாயகி தெரு நடுவில் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வண்டிக்குள் யாரென்று தெரிந்ததும் கூட்டம் ஓடி வந்தது. முதலில் ஓடி வந்தவன் கண்ணாயிரம். வண்டிக் கட்டையில் கை வைத்தான்.

"கையை எடு" என்றாள் தையல்நாயகி.

கண்ணாயிரம் எடுத்துவிட்டான்.

"யாரும் தொடாதீங்க. தொட்டா அந்த வீட்டைத் தள்ளி வைப்பாரு. இவரு சொன்னதுதான். இவரு வாயாலயே இல்லைன்னு சொல்லட்டும், அப்புறம் தொடுங்க." வண்டிப் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. இவங்க தொடலாமா?"

தெரு முழுக்க அவர் வாயையே பார்த்தது. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்த வாயிலிருந்து வந்த சொல்தான் அங்கே சட்டம். மயில்வாகனம் உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டிக் கூண்டைப் பார்த்தபடி கிடந்தார். தொடலாம் என்றால், அன்றைக்குச் சொன்னது என்ன என்று ஆகிவிடும். கூடாது என்று சொல்லவும் முடியாது. கடைசியில், "வலிக்குதுடி" என்றார்.

"அவருக்கும் வலிச்சிச்சி" என்றாள்.

கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணாயிரம் அப்படியே தெருவில் குந்தி உட்கார்ந்துவிட்டான். மயில்வாகனத்தின் மகன் சீனிவாசன் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து, "அப்பா, அப்பா" என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஏறவும் தைரியமில்லை. தகப்பன் விழுந்து கிடந்த நாளில் அம்சா அழுதுகொண்டே பின்னால் வந்தது தையல்நாயகிக்கு நினைவு வந்தது. இவனை மட்டும் ஏறச் சொன்னாள். "உங்கப்பன் தலையைப் புடிச்சிக்க. மத்தவங்க நவுருங்க." 

நகர்ந்தார்கள். வண்டி போயிற்று. தெரு ஆம்பிளைகள் பத்தடி தள்ளி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பின்னால் நடந்து வந்தார்கள். கதவோடு அவரை உள்ளே தூக்கிக்கொண்டு போனவர்களும் முருகேசனும் தையல்நாயகியும்தான்.

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. செங்கற்பட்டுக்கு அனுப்பினார்கள். ஆடி மாசம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, இனி நடக்க மாட்டார் என்று தெரிந்துபோயிருந்தது. முன்கட்டில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். அங்கேதான் காற்று வரும். கதவு திறந்திருந்தால் எதிர்வீடு தெரியும்.

தையல்நாயகி ராட்டையை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டாள். ஒன்பது வருஷம் சாத்தியிருந்த கதவை அகலத் திறந்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்து நூல் சுற்றினாள். அவர் கண் திறந்தால் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கதவைச் சாத்தச் சொல்லி அவர் கத்துவது சில சமயம் கேட்கும். சாத்தினால் புழுக்கம் தாங்காது என்று மருமகள் ஜெயம்மாள் திறந்துவிடுவாள்.

தெரு கூடி அவளுக்கு ஒரு சேலை வைத்துக் கொடுத்து மரியாதை செய்ய வேண்டும் என்று சீனிவாசன் வந்து சொன்னான். உயிரைக் காப்பாற்றினாளே. அவள் ராட்டையை நிறுத்தாமலே வேண்டாம் என்றாள். கண்ணாயிரம் இரண்டு தடவை வந்து வாசலில் நின்றான். அவன் என்ன சொல்ல வந்தானோ, அவள் நிமிரவில்லை. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

"போதும்மா" என்றாள் அம்சா ஒரு நாள். அவளுக்குப் பதினெட்டு வயசு. "அந்த ஆளு கெடக்கறாரு. இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

"எனக்கே தெரியலடி" என்றாள் தையல்நாயகி. உண்மையில் அவளுக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கப் பார்க்க அந்தச் சூடு குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. ராத்திரிச் சோறு மட்டும் முன்னைவிட நன்றாக இறங்கியது.

அந்தக் கார்த்திகையில் தெருவில் ஒரு வழக்கு வந்தது. தில்லையம்மாள் மகள் தெருவுக்கு வெளியே யாரையோ கட்டிக்கொண்டு மாகறலுக்குப் போய்விட்டாள். அந்த வீட்டை என்ன செய்வது என்று கேட்க ஆம்பிளைகள் மயில்வாகனத்தின் கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, தன்னிடம் இனி எதற்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூட்டம் கலைந்தது. தில்லையம்மாள் வீட்டை யாரும் தள்ளி வைக்கவில்லை. சொல்ல ஆளில்லாததால், மறுநாள் அவர்கள் பாவுக்கு வழக்கம்போலக் கை கொடுத்தார்கள். தையல்நாயகி ராட்டையிலிருந்தே அதைப் பார்த்தாள். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அன்றைக்கு அவள் கோபம் எதிர்வீட்டை விட்டு, பாவைப் பிடித்து நின்ற அத்தனை பேர்மேலும் திரும்பியது.

தை பிறந்ததும் மயில்வாகனம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு தடவை போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை. ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"இரக்கப்பட்டா தூக்கின?" என்று கேட்டார்.

"இல்ல. நீங்க நல்லவரா சாவக்கூடாதுன்னு தூக்கினேன்."

அவர் மெல்லத் தலையாட்டினார். "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். இவங்கல்லாம் வேற மாதிரி பேசிக்கிறாங்க" என்றார். பிறகு, "கந்தன் தறியில வெச்சிருந்த கை நல்ல கை" என்றார். அதற்கு மேல் அவர் போகவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

மயில்வாகனம் அதற்கப்புறம் நாலு வருஷம் கிடந்துதான் செத்தார். இடையில் அம்சாவுக்கு முருகேசன் பார்த்துச் சொன்ன இடத்தில் கல்யாணம் நடந்தது. தெருவையும் அழைக்க வேண்டும் என்று அம்சா பிடிவாதம் பிடித்தாள். மகளுக்காகத் தையல்நாயகி ஒப்புக்கொண்டாள். தெரு முழுக்க வந்தது. மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டவள், தெருக்காரர்கள் வந்தபோது உள்ளே போய்விட்டாள். அவர்கள் தாங்களே பாய் விரித்து, தாங்களே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்ணாயிரம் மட்டும் சாப்பிடாமல், கடைசிவரை எச்சில் இலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அதையும் அவள் பார்த்தாள். சாப்பிடு என்று மட்டும் சொல்லவில்லை.